எருமைக் காதில் பன்னிரண்டு இலக்கம்: லேசருக்குப் பிடிகொடுக்காத பிளாஸ்டிக்

நீலகிரியில் மாடு, எருமை வளர்ப்பவர்களுக்குக் காது வில்லையை விளக்க வேண்டியதில்லை. மஞ்சள் பாலியூரித்தேன் வில்லை, அதில் கறுப்பாகப் பன்னிரண்டு இலக்க எண், கூடவே ஒரு பார்கோடு. கால்நடை மருத்துவர் தடுப்பூசி போட வந்தாலும் சினை ஊசி போட வந்தாலும் முதலில் அந்த எண்ணைத்தான் போனில் ஏற்றுகிறார். பாரத் பசுதன் என்ற அரசு கால்நடைப் பதிவேட்டில் மாட்டை அடையாளம் காட்டுவது அந்த எண்தான். கோத்தகிரிப் பக்கம் தேயிலைச் சரிவில் மேயப் போன பசுவைச் சிறுத்தை அடித்துவிட்டால், இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் வில்லையைத்தான். வில்லை இல்லையேல் க்ளைம் இல்லை என்பது மாட்டு இன்சூரன்ஸில் பழைய நிபந்தனை. சில கிராம் பிளாஸ்டிக்கில் உள்ள எழுத்து அழியாமல் இருப்பதில் ஒரு குடும்பத்தின் பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த எழுத்து மையால் அடித்ததல்ல, லேசரால் எழுதியது. மை ஏன் சரிப்படாது என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை, கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்கு, நடுவில் நாள்கணக்கில் விலகாத பனிமூட்டம். ஸ்டிக்கர் ஒட்டினால் ஓரம் கிளம்பிவிடும். மையால் எழுதினால் முள்வேலியிலும் செடியிலும் உரசியே போய்விடும். வெயிலும் இங்கே லேசுப்பட்டதில்லை, குளிர் இருப்பதால் உறைப்பதில்லை, அவ்வளவுதான். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது. ஊட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டரில். சமவெளி வெயிலைக் கணக்கில் வைத்துத் தேர்ந்தெடுத்த சாயம் இங்கே சீக்கிரம் வெளுத்தால் ஆச்சரியமில்லை.

பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் இரண்டிலும் மைக்கு இன்னொரு தொல்லை உண்டு. இவற்றின் மேற்பரப்பு ஆற்றல் சென்டிமீட்டருக்குச் சுமார் 30 டைன்தான். மை பரவி ஒட்டிக்கொள்ள 38 டைனாவது வேண்டும் என்பது அச்சுத் தொழிலில் பொதுவான கணக்கு. அதனால்தான் அச்சடிப்பதற்கு முன்னால் பிளாஸ்டிக்கின் மேல் தீ ஓட்டுவதும், கொரோனா மின்பொறி காட்டுவதும். லேசருக்கு இந்த ஒட்டுகிற கவலை எதுவும் இல்லை. அது வெளியிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து பூசுவதில்லை, பிளாஸ்டிக்கையே நிறம் மாற வைக்கிறது. ஆனால் அதற்கு முதலில் பிளாஸ்டிக் அந்த ஒளியை வாங்கிக்கொள்ள வேண்டும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

சிறு பட்டறைகளில் இன்று பரவலாக இருப்பது 20 அல்லது 30 வாட் ஃபைபர் லேசர். அதன் ஒளி 1064 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. அதே மெஷின் வெளிர்நிறப் பாலிகார்பனேட்டில் கறுப்பாக எழுதிவிடும். அதைக் கழற்றி வைத்துவிட்டு, சாயம் போடாத பாலிஎத்திலீன் டப்பாவை வைத்து ஓட்டிப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. உடனே எல்லோரும் செய்வது பவரைக் கூட்டுவது. அப்புறம் வேகத்தைக் குறைப்பது. அப்புறம் மெஷின் விற்றவருக்குப் போன் போட்டுத் திட்டுவது.

அப்படிப் பவரைக் கூட்டி ஓட்டிய துண்டு ஒன்றைக் கையில் எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். எழுத்து வர வேண்டிய இடத்தில் பெரும்பகுதி மழமழவென்று தொடாமலே இருக்கும். அங்கங்கே மட்டும் கருகிய சின்னக் குழிகள், ஓரத்தில் உருகி எழும்பிய விளிம்புடன். எந்த ஒழுங்கும் இருக்காது. 'அ' எழுதப் போனால் அதன் வளைவில் மூன்று குழி, காலில் ஒன்று, அவ்வளவுதான். கருகிய இடமெல்லாம் தூசி உட்கார்ந்திருந்த இடம், அல்லது அழுக்கு விரல் பட்ட இடம். லேசர் தூசியைச் சுட்டிருக்கிறது, சூடேறிய தூசி பிளாஸ்டிக்கைச் சுட்டிருக்கிறது. தூசி இல்லாத இடத்தில் ஒளி உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறி, மெல்லிய துண்டாக இருந்தால் அடியில் இருக்கும் உலோகத் தட்டின் மேல் போய் விழுந்திருக்கும்.

தூசி தற்செயலாகச் செய்ததை அளவாகவும் சீராகவும் செய்ய வைப்பதுதான், பிளாஸ்டிக்கோடு கலக்கும் ஒளி உறிஞ்சும் சேர்க்கைப்பொருளின் வேலை. லேசர் மார்க்கிங் சரியாக வரவில்லை என்று வரும் புகார்களில் மெஷினின் பங்கைவிடக் குருணையின், அதாவது உருக்கி வார்க்கும் பிளாஸ்டிக் மணிகளின், பங்கு அதிகம் என்பது என் கட்சி. மெஷினில் திருகுவதற்குப் பொத்தான் இருக்கிறது, குருணையில் இல்லை. அதனால் எல்லோரும் மெஷினையே திருகுகிறார்கள்.

பாலிஎத்திலீன் ஏன் இந்த ஒளியை விட்டுவிடுகிறது? 1064 நானோமீட்டர் ஒளியின் ஒரு துகளுக்கு 1.17 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். பிளாஸ்டிக்கில் உள்ள எலக்ட்ரான்களை எழுப்ப அது போதாது, அதற்குப் புற ஊதா வேண்டும். மூலக்கூறுகளை அதிர வைப்பதற்கோ அது பொருத்தமான அலைநீளம் இல்லை. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு நன்றாக அதிர்வது 3.4 மைக்ரோமீட்டர் பக்கம்தான். இரண்டுக்கும் இடையில் உள்ள ஆளில்லாத இடத்தில் இந்த லேசர் விழுகிறது. ஆகவே ஜன்னல் கண்ணாடி வெயிலை உள்ளே விடுகிற மாதிரி பிளாஸ்டிக் இந்த ஒளியை வழிவிட்டு அனுப்பிவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் ஒளியைப் பெரும்பாலான பிளாஸ்டிக்குகள் வாங்கிக்கொள்ளும். ஆனால் அது பெரும்பாலும் பள்ளம் தோண்டுமே தவிர நிறத்தை மாற்றாது. மஞ்சள் வில்லையில் மஞ்சள் பள்ளம் விழுந்து என்ன பிரயோஜனம், பார்கோடு படிக்கும் போனுக்கு நிறவேறுபாடுதான் கண்.

ஊட்டிக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, ஊர்க்காரர்களுக்கு எச்.பி.எஃப், 1960-ல் தொடங்கப்பட்டு 1967-ல் உற்பத்திக்கு வந்தது. இப்போது மூடிக்கிடக்கிறது. அங்கே சினிமாவுக்கும் எக்ஸ்ரேக்கும் பிலிம் செய்தார்கள். பிலிமின் உயிர் வெள்ளி ஹாலைடுப் படிகம். அந்தப் படிகத்துக்கு நீலம், ஊதா, புற ஊதா மட்டுமே தெரியும். பச்சையும் சிவப்பும் அதைப் பொறுத்தவரை இருட்டு. ஆரம்பகாலப் புகைப்படங்களில் சிவப்புச் சேலை கறுப்பாக விழுந்தது இதனால்தான். 1873-ல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற வேதியியலாளர், சில சாயங்களை மிகச் சிறிதளவு சேர்த்தால் படிகம் பச்சை ஒளிக்கும் எதிர்வினை காட்டுவதைக் கண்டுபிடித்தார். ஒளியைப் பிடிப்பது சாயம், படிகத்திடம் ஒப்படைப்பதும் சாயம். எல்லா நிறத்தையும் பதியும் பிலிம்கள் எல்லாமே அந்த வழியில் வந்தவை.

பிளாஸ்டிக்கிலும் அதே தந்திரம்தான், ஒப்படைக்கும் பொருள் வேறு. பிலிமில் சாயம் எலக்ட்ரானைக் கொடுத்தது, இங்கே சேர்க்கைப்பொருள் வெப்பத்தைக் கொடுக்கிறது. துகள் ஒளியை விழுங்கி ஒரு நொடியின் கோடியில் சில பங்கு நேரத்துக்குள் கடுமையாகச் சூடேறி, தன்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைச் சிதைக்கிறது. அந்தச் சிதைவுதான் எழுத்து.

என்ன சேர்க்கிறார்கள் என்று பார்த்தால், மலிவானதும் பழையதும் கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூள். எல்லா அலைநீளத்தையும் விழுங்கும், விலை ஒன்றுமே இல்லை. ஆனால் பொருளின் நிறத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். நூறு கிலோ வெள்ளைக் குருணையில் சில கிராம் போட்டாலே வெள்ளை சாம்பலாகத் தொடங்கும். மஞ்சள் வில்லையில் போட்டால் அழுக்குப் பச்சையாகத் தெரியும். கறுப்புப் பொருளுக்கு மட்டுமே அது கவலையில்லாத சேர்க்கை.

வெளிர்நிறப் பொருளுக்கு இன்று முன்னணியில் இருப்பது ஆன்டிமனி கலந்த வெள்ளீய ஆக்சைடு. அதைத் தனித் தூளாகவும் போடுவார்கள், மெல்லிய மைக்கா செதில்களின் மேல் பூச்சாகவும் போடுவார்கள். மெர்க் நிறுவனம் லேசர்ஃபிளேர் என்ற பெயரில் விற்று, பிறகு ஐரியோடெக் என்று பெயர் மாற்றிய வரிசையில் இந்த மைக்கா வகை உண்டு. இந்த ஆக்சைடின் சிறப்பு என்னவென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டு அகச்சிவப்பை மட்டும் பிடிக்கும். வெள்ளீய ஆக்சைடு மட்டும் இருந்தால் அகச்சிவப்பிலும் கிட்டத்தட்ட நிறமற்றதுதான். ஆன்டிமனி உள்ளே போய்த் தளர்ந்த எலக்ட்ரான்களைக் கொண்டுவருவதால்தான் அகச்சிவப்பை உறிஞ்சும் குணம் வருகிறது. பொதுவாக எடையில் 0.1 முதல் 0.5 சதவீதம் போதும். லேசான சாம்பல் சாயல் வரத்தான் செய்யும், அதை நிறம் சேர்ப்பவர் கணக்கில் எடுத்துச் சரிக்கட்டிக்கொள்வார். முழுவதும் கண்ணாடியாகத் தெரிய வேண்டிய பொருளுக்கு இதையே நானோ அளவில், இன்னும் குறைந்த அளவில் கலக்கிறார்கள்.

செம்பு ஹைட்ராக்சில் பாஸ்பேட் இன்னொன்று. வெளிர்பச்சைத் தூள், சூடேறும்போது தானே கறுப்பதால் கருகாத பிளாஸ்டிக்கிலும் எழுத்து வரும். ஆன்டிமனி ட்ரை ஆக்சைடு முன்பு அதிகம் ஓடியது. அதன் தூள் புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் இருப்பதால் பலர் விலகி வருகிறார்கள். ஒரு வேடிக்கை என்னவென்றால், தீப்பிடிக்காமல் இருக்க புரோமின் சேர்மத்தோடு இதே ஆன்டிமனி ட்ரை ஆக்சைடைக் கலந்த ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் மின்சாரப் பெட்டிகளில், யாரும் லேசருக்கென்று எதுவும் சேர்க்காமலே எழுத்து நன்றாக விழும். அதைப் பார்த்துவிட்டு எல்லா ஏபிஎஸ்ஸும் இப்படித்தான் என்று நம்பிப் பெரிய ஆர்டரை ஒப்புக்கொண்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

லேசரையே மாற்றிவிடுவது இன்னொரு வழி. 355 நானோமீட்டர் புற ஊதா லேசரை டைட்டானியம் டை ஆக்சைடு நன்றாக விழுங்கும். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வெண்மைக்காக அது ஏற்கெனவே இருக்கிறது. லேசர் பட்டதும் அந்த வெள்ளைத் துகளே அடர்சாம்பலாக மாறிவிடும், பிளாஸ்டிக் கருக வேண்டிய அவசியமே இல்லை. விமானங்களில் வெள்ளை ஒயர்களின் மேல் எண் போடுவது இந்த முறையில்தான், காப்பு உறையைத் தோண்டாமல் எழுத அங்கே வேறு நல்ல வழியில்லை. எழுத்து சுத்தமாக வரும். ஆனால் மெஷின் விலை ஃபைபர் லேசரைவிடப் பல மடங்கு.

இனி பிளாஸ்டிக்கின் குணம். சேர்க்கைப்பொருள் வெப்பத்தைத்தான் கொடுக்கும். அந்த வெப்பத்தில் என்ன ஆவது என்பதைப் பிளாஸ்டிக்தான் தீர்மானிக்கிறது. பாலிகார்பனேட், பாலிஸ்டைரீன் வகைகளின் சங்கிலியில் பென்சீன் வளையங்கள் உண்டு. சிதையும்போது வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கரியாகத் தங்கும், அதனால் கறுப்பு எழுத்து. பாலிஎத்திலீனில் வளையம் கிடையாது. சங்கிலி துண்டுதுண்டாகி வாயுவாகப் போய்விடும், கரி மிச்சமில்லை. அக்ரிலிக்கும் அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கும் இன்னும் மோசம், கோத்த முத்து அவிழ்வதுபோல் மூலப்பொருளாகவே அவிழ்ந்து ஆவியாகும். அசிட்டாலில் வருவது ஃபார்மால்டிஹைடு, கண் எரியும்.

கரி வராத இடத்தில் நுரை வரும். உருகிய பிளாஸ்டிக்குக்குள் வாயு மாட்டிக்கொண்டு நுண்குமிழிகளாக உறைந்தால், அந்த இடம் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். கறுப்புப் பொருளில் வெள்ளை எழுத்து வருவது பெரும்பாலும் இப்படித்தான். கேத்திப் பள்ளத்தாக்கின் காரட் தோட்டங்களில் ஓடும் கறுப்பு எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்) குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ் 4984 என்ற இந்தியத் தரத்தின்படி அதில் 2.5 சதவீதம், அரை சதவீதம் முன்பின்னாக, கார்பன் பிளாக் இருக்க வேண்டும். வெயில் தாங்குவதற்காகப் போட்ட அந்தக் கார்பனே லேசரையும் பிடித்துக்கொள்ளும். தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம் என்று தோன்றும். ஆனால் லேசருக்கு இது அளவுக்கு மீறிய கார்பன். ஒளி முழுவதும் மேல்தோலிலேயே நின்றுவிடும். ஆழத்தில் நுரைக்காமல் மேலே கொப்பளித்து, நகத்தால் சுரண்டினால் உதிரும் மங்கல் எழுத்துதான் கிடைக்கும். குறைவான கார்பனும் தோதான சேர்க்கையும் உள்ள கறுப்பில் கிடைக்கும் பால்வெள்ளை இதில் கிடைக்காது.

நுரை எழுத்துக்கு மலையில் இன்னொரு பகையும் உண்டு. குமிழி உடைந்தால் அது குழி, குழியில் ஈரம் நிற்கும், செம்மண் சேரும், மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். வெள்ளையாக இருந்தது பழுப்பாகி, பழுப்பு பச்சையாகும். கரி எழுத்துக்கு இந்தக் கவலை குறைவு, கரி வெயிலில் வெளுப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள மஞ்சள்தான் வெளுக்கும், அல்லது சுண்ணாம்பு பூத்து மங்கும். ஆகவே காது வில்லைக்குச் சேர்க்கைப்பொருளை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது, மஞ்சள் நிறமியும் புற ஊதாத் தடுப்பானும் சேர்ந்துதான் அந்தப் பன்னிரண்டு இலக்கத்தைக் காப்பாற்ற வேண்டும்.

'நிறையப் போட்டால் நன்றாக வரும்' என்ற எண்ணம் தப்பு என்பதற்குக் குழாயே சாட்சி. சரியான அளவில் ஒளி கொஞ்சம் உள்ளே இறங்கி, ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு ஆழம் வரைக்கும் துகள்களைச் சூடேற்றும். கறுப்பு அந்த ஆழம் முழுக்க இருக்கும், மேலே தேய்ந்தாலும் கீழே மிச்சமிருக்கும். அளவு மீறினால் மேல்தோல் மட்டும் எரிந்து புகைக்கரியாகப் படியும். எழுதி முடித்த கையோடு பார்த்தால் இரண்டாவதுதான் அதிகக் கறுப்பு. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் பாதி துணிக்கு வந்துவிடும். மாதிரி பார்க்கும்போது துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான், துடைக்காமல் கொடுக்கும் மாதிரியை நம்பாதீர்கள்.

மெஷின் பக்கம் கொஞ்சம் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 20 வாட் லேசர் நொடிக்கு 20,000 துடிப்பு அடித்தால் ஒரு துடிப்புக்கு 1 மில்லிஜூல். துடிப்பின் நீளம் 100 நானோநொடி என்றால் அந்தக் கண நேரத்தில் அதன் பவர் 10 கிலோவாட். புள்ளியின் விட்டம் ஏறக்குறைய 50 மைக்ரோமீட்டர். கதிரைத் திருப்பும் குட்டிக் கண்ணாடிகள் நொடிக்கு 1,000 மில்லிமீட்டர் வேகத்தில் ஓட்டினால் அடுத்தடுத்த புள்ளிகள் 50 மைக்ரோமீட்டர் இடைவெளியில், அதாவது ஒன்றையொன்று தொட்டபடி விழும். வேகத்தை இரட்டித்தால் புள்ளி தனித்தனியாகப் பிரிந்து கோடு சாம்பலாகத் தெரியும். லென்ஸில் பார்த்தால் இடைவெளியை எண்ணவே முடியும்.

ஆனால் புள்ளிகள் ஒழுங்கான இடைவெளியில் இருந்தும் சில காணாமல் போயிருந்தால், அது வேகத்தின் குற்றமல்ல, கலவையின் குற்றம். அந்த இடத்தில் ஒளியைப் பிடிக்கத் துகள் இல்லை, துகள்கள் வேறெங்கோ கட்டியாகச் சேர்ந்திருக்கின்றன. கட்டி இருந்த இடத்தில் புள்ளி பெரிதாக, கொப்புளமாக வந்திருக்கும். இந்த இரண்டு அடையாளமும் ஒரே துண்டில் தெரிந்தால் மெஷினைத் தொடவே வேண்டாம். சேர்க்கைத் தூளை நேரடியாகக் குருணையோடு குலுக்கிப் போட்டிருப்பார்கள். அதை முதலில் மாஸ்டர்பேட்சாக, அதே வகைப் பிளாஸ்டிக்கில் செறிவாகக் கலந்த குருணையாக, ஆக்கிக்கொண்டு பிறகு 2 முதல் 4 சதவீதம் சேர்ப்பதுதான் முறை. பாலியூரித்தேன் வில்லைக்கு பாலிஎத்திலீன் அடிப்படையிலான மாஸ்டர்பேட்ச் மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டால் இரண்டும் ஒட்டாது. தோல் உரிந்த மாதிரி படலம் படலமாக வரும்.

மோல்டிங் செய்யும்போது பிளாஸ்டிக் எந்தப் பக்கமிருந்து அச்சுக்குள் நுழைகிறது என்பதும் முக்கியம். மைக்கா செதில்கள் ஓட்டத்தின் திசையில் படுத்துக்கொள்ளும். இரண்டு ஓட்டங்கள் சந்தித்து ஒட்டும் கோட்டில் அவை நிமிர்ந்து நிற்கும். எண் அந்தக் கோட்டின் மேல் விழுந்தால் ஒரு இலக்கம் மட்டும் மங்கும். பன்னிரண்டில் ஒன்று மங்கினாலும் மொத்த எண்ணும் வீண்தான்.

செலவை யோசிப்போம். எட்டு கிராம் வில்லையில் 0.3 சதவீதம் என்றால் 24 மில்லிகிராம் சேர்க்கை. அதற்காக யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். காய்கறி அடுக்கும் ஒன்றரைக் கிலோ க்ரேட்டில் அதே விகிதம் நாலரை கிராம். க்ரேட்டில் எழுத வேண்டிய இடமோ உள்ளங்கை அகலம். மீதி நாலேகால் கிராமுக்கு மேல் லேசரையே பார்க்காமல் கிடக்கும். ஆயிரக்கணக்கில் க்ரேட் செய்பவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது. அங்கே சேர்க்கைப்பொருள் கலந்த சின்னத் தகட்டை அச்சுக்குள் முதலில் வைத்து அதைச் சுற்றி க்ரேட்டை வார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்தச் சேர்க்கை வித்தையின் ஏழை உறவுக்காரனைச் சுற்றுலாக் கடைகளில் பார்க்கலாம். சாவிக்கொத்தில் பேர் போட்டுத் தரும் மேசை லேசர்களில் பல 450 நானோமீட்டர் நீல டயோடு வகை. தெளிந்த அக்ரிலிக்கில் நீல ஒளி நில்லாமல் போய்விடும். தெரிந்தவர்கள் அதன் மேல் கறுப்பு போஸ்டர் பெயின்ட் பூசிக் காயவைத்து, லேசர் ஓட்டிவிட்டு, கழுவி எடுத்துத் தருகிறார்கள். பெயின்ட் சூட்டை வாங்கி அடியிலுள்ள அக்ரிலிக்குக்குக் கடத்துகிறது. உள்ளே கலக்க முடியாததை வெளியே தடவிக்கொண்டார்கள். ஒரு பொருளுக்கு மட்டும் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், அது பிவிசி. லேசர் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வரும். ஆளுக்கும் கேடு, லென்ஸ் பாழாகி, உலோகப் பாகங்கள் துருப்பிடித்து மெஷினும் போகும். எது பிவிசி என்று தெரியாவிட்டால் ஓட்டாமல் இருப்பதே நல்லது.

பிளாஸ்டிக்கை விரட்டுவதில் முன்னால் நின்ற மாவட்டத்தில் உட்கார்ந்து பிளாஸ்டிக்கில் எழுதுவது பற்றிப் பேசுவது சிலருக்கு உறுத்தலாம். நீலகிரியில் பைகளுக்கு எதிரான நடவடிக்கை 2000-களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. 2019-ல் சிறிய தண்ணீர் பாட்டில்களும் தடைக்குள் வந்தன. இப்படி விலக்கியபின் மிஞ்சுவது வருடக்கணக்கில் புழங்கும் பொருட்கள்தான்: குழாய், க்ரேட், தொட்டி, வில்லை. யார் செய்தது, எந்த வகைப் பிளாஸ்டிக் என்ற அடையாளம் இவற்றில்தான் கடைசி வரை நிற்க வேண்டும். பேக்கேஜிங் பிளாஸ்டிக்கில் இந்த விவரங்களைப் பார்கோடு அல்லது க்யூஆர் குறியீடாகவும் தரலாம் என்று 2025 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்கின்றன. டாஸ்மாக் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம் 2022-ல் முதலில் ஓடியதும் இந்த மலையில்தான், அது ஸ்டிக்கரை நம்பி ஓடியது. கண்ணாடிக்குச் சேர்க்கைப்பொருளே வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு லேசரை அது நேராக வாங்கிக்கொள்ளும். ஏன் அப்படிச் செய்யவில்லை என்பது வேறு கட்டுரைக்கான விஷயம்.

நீண்டநாள் பொருட்களில் எழுத வருபவர்கள் கடைசியில் முட்டிக்கொள்வது மறுசுழற்சிக் குருணையில். பழைய க்ரேட்டுகளையும் டப்பாக்களையும் அரைத்துச் செய்த குருணையில் எவ்வளவு கார்பன் இருக்கிறது, பழைய லேசர் சேர்க்கை எவ்வளவு மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. மூட்டைக்கு மூட்டை மாறும். திங்கட்கிழமை சரியாக வந்த செட்டிங் வியாழக்கிழமை மூட்டைக்கு ஒத்துவராது. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சோதனைத் தகடு வார்த்து, பவர் ஒரு பக்கம், வேகம் ஒரு பக்கம் என்று கட்டம் போட்டு ஓட்டி, துடைத்து, வந்த சிறந்த கட்டத்தை எடுத்துக்கொள்வது ஒரு வழி. மறுசுழற்சிக் குருணையைப் பொருளின் உடம்புக்கு வைத்துக்கொண்டு, எழுதும் தகட்டை மட்டும் புதுக் குருணையில் தெரிந்த அளவு சேர்க்கையோடு தனியாக வார்ப்பது இன்னொன்று. முதலாவதில் ஆள் செலவு, இரண்டாவதில் அச்சுச் செலவு. மாதம் ஐந்நூறு க்ரேட் ஓடும் இடத்தில் கட்டம் போட்டுப் பார்ப்பதே போதும். அதற்கு மேல் போனால் தகடுதான்.